ஐந்தருவி மேடையில் வாசித்தது

துல்கர்னைனின் போனில் அந்த இங்கிலீஷ் பாட்டு நாற்பத்திரண்டு விதமாக இருந்தது. ஸ்டூடியோவில் பாடியது, லண்டனில் மேடையில் பாடியது, ஜப்பானில் பாடியது, பாடினவர்களுக்கெல்லாம் முடி கொட்டிப்போன பிறகு மறுபடி கூடி நின்று பாடியது. ஒன்று விடாமல் கேட்டு முடிக்க அவருக்கு மூன்று வாரம் ஆயிற்று. முடித்த அன்று காலையில் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "நான் வாசிச்சது இதுல எதுலயும் இல்ல" என்று மனைவியிடம் சொன்னார்.

ஷரீபுன்னிசா கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தாள். "லண்டன்காரன் பாட்டுக்குள்ள ஒங்க வாசிப்பு எப்பிடி இருக்கும்?"

"அதத்தான் சொல்லுதேன். நான் வாசிச்ச மாதிரி அவனுவளே வாசிக்கல."

"காலங்காத்தால என்னமா பீத்துதிய."

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. கல்யாணமான நாளிலிருந்து அவள் பார்த்தது சவூதியில், தமாமில் வண்டி உதிரிபாகக் கிட்டங்கியில் ஸ்டோர்கீப்பராக இருந்த ஒரு மனிதரை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பெட்டியோடு வருவார், ஒரு மாதம் இருப்பார், பெட்டியோடு போவார். கிட்டாரைப் பிடித்து ஒருநாள் பார்த்ததில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரேயடியாகத் தென்காசிக்குத் திரும்பி வந்தபோது சர்க்கரையும் கூடவே வந்துவிட்டது. இடது கையில் மூன்று விரல் மரத்துப்போய்விட்டன, சட்டைப் பொத்தானைப் போடவே ஆள் வேண்டும். இந்தக் கையை வைத்துக்கொண்டு "நான் ஒருகாலத்தில்" என்று ஆரம்பித்தால் எந்தப் பெண்டாட்டி நம்புவாள்?

ஆனால் நடந்தது நடந்ததுதான். தொண்ணூற்று நாலாம் வருஷம், ஆடி பிறந்த சமயம், சாரல் அடிக்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஐந்தருவியில் சீசன் கடைக்காரர்கள் சேர்ந்து கார் ஸ்டாண்டில் மேடை போட்டிருந்தார்கள். மெல்லிசைக் குழு இவர்களுடையது. லீடர் அஃப்சல், கீபோர்டு. கிட்டார் துல்கர்னைன். இரண்டு பேரும் ஒரே தெரு, ஒரே பள்ளிக்கூடம். கல்யாண வீட்டிலும் கோயில் கொடையிலும் சினிமாப் பாட்டாக வாசித்துத் தள்ளுகிற குழுதான். ஆனாலும் ஆசைக்கு ஒரு இங்கிலீஷ் பாட்டு வைத்திருந்தார்கள். அஃப்சலின் அண்ணன் முகம்மது சலீம் தமாமிலிருந்து அனுப்பிய கேசட்டைக் கேட்டுக் கேட்டுப் பிடித்தது. எட்டு நிமிஷம் ஓடும் என்பதால் அவர்களுக்குள் அதற்கு ‘எட்டு நிமிசம்’ என்றே பெயர். எந்த ஊரிலும் யாரும் அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டதில்லை, இவர்களும் மேடையில் வாசித்ததில்லை.

அன்றைக்கு மழை வலுத்து, பாடகர் தொண்டை போய்விடும் என்று வேனுக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டார். கூட்டம் கலைகிற நேரம். "எட்டு நிமிசத்தப் போடுவோம்லே" என்றார் அஃப்சல். தெரிந்த இங்கிலீஷில் அஃப்சலே பாடினார். பாட்டு முடிந்து கிட்டார் மட்டும் தனியாகப் போகிற இடம் வந்தது. அங்கேதான் துல்கர்னைனுக்கு என்னவோ ஆயிற்று. கேசட்டில் இருந்ததை விட்டுவிட்டுக் கை தன்பாட்டுக்குப் போய்விட்டது. எட்டு நிமிஷப் பாட்டு பதினொரு நிமிஷம் ஓடியது. நேந்திரங்காய் சிப்ஸ் போடுகிறவர் அரிகரண்டியைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றது நினைவிருக்கிறது. தகரத்தில் மழை விழுந்த சத்தம் நினைவிருக்கிறது. கைதட்டல் நினைவிருக்கிறது. என்ன வாசித்தார் என்பதுதான் நினைவில்லை. மறுநாள் காலையில் உட்கார்ந்து திரும்ப வாசித்துப் பார்த்தார், வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை.

மூன்றே வாரத்தில் விசா வந்தது. சலீம் அண்ணன் அனுப்பியது. அஃப்சல்தான் அண்ணனிடம் சொல்லி ஏற்பாடு செய்திருந்தார். தனக்குக் கேட்கவில்லை, சிநேகிதனுக்குக் கேட்டார். இரண்டு தங்கச்சிகளைக் கரையேற்ற வேண்டிய வீடு, தகப்பனாருக்குத் தறியில் வருமானம் செத்துப்போயிருந்த காலம். துல்கர்னைன் அஃப்சலின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நின்று அழுதார். அன்றிலிருந்து ஐந்து நேரமும் தொழுது முடித்துக் கையேந்தும்போது உம்மா வாப்பாவுக்கு அடுத்து அஃப்சல் பெயர்தான். இருபத்தாறு வருஷம் தமாமில், நாலு வருஷம் தென்காசியில், ஒரு வேளை தவறியதில்லை.

இப்போது இவருக்கு வேண்டியது அந்தப் பதினொரு நிமிஷம். கை போய்விட்டது, சரி. என்ன வாசித்தோம் என்று சாவதற்குள் ஒருமுறை காதால் கேட்டுவிட வேண்டும். முடிந்தால் பெண்டாட்டியையும் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

முதலில் அஃப்சலிடம் போனார். வேறு யாரிடம் போவார்? கூலக்கடை பஜாரில் அஃப்சலின் ஜவுளிக்கடை. வாப்பா வைத்த கடை, குழு கலைந்ததும் அதில் உட்கார்ந்தவர் இன்னும் எழுந்திருக்கவில்லை.

"அதெல்லாம் யாருலே ரெக்கார்டு பண்ணா?" என்றார் அஃப்சல்.

"மாடக்கண்ணு அண்ணாச்சி பண்ணுவாருல்லா. மைக்செட்லேருந்து நேரா."

"அன்னிக்கு மழ மாப்ள. டெக்க எடுத்து வேனுக்குள்ள வச்சிட்டாரு. நான் பாத்தேன்." அஃப்சல் சிரித்துக்கொண்டே முதுகில் தட்டினார். "வயசான காலத்துல ஒனக்கு என்ன வந்துச்சு? ஒக்காரு, டீ சொல்லுதேன்."

டீயைக் குடித்துவிட்டு வந்தார். ஆனால் மனசு கேட்கவில்லை. மாடக்கண்ணு உயிரோடு இருக்கும்போது அவரிடமே கேட்டுவிட்டால் என்ன நஷ்டம்? மறுநாள் குற்றாலம் பஸ்ஸில் ஏறிவிட்டார்.

மாடக்கண்ணுவின் சவுண்ட் சர்வீஸ் ஐந்தருவி போகிற ரோட்டில் இருக்கிறது. முன்பக்கம் ஆள் உயரப் பெட்டிகள், வண்ண விளக்கு, எல்லாம் மருமகன் வியாபாரம். மாடக்கண்ணு பின்னறையில் பழைய டெக்குகளோடு கிடக்கிறார். வயது எழுபதைத் தொடுகிறது, நாக்கு மட்டும் அப்படியே இருக்கிறது.

"மழைன்னு டெக்க எடுத்து வச்சேனா? எவன்வே சொன்னான்? ஒரு கையில கொடையப் பிடிச்சிக்கிட்டுல்லா ரெக்கார்டு பண்ணேன்."

துல்கர்னைன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மாடக்கண்ணு விடாமல் பேசினார். எந்தக் கச்சேரியானாலும் ஒரு கேசட்டை ஓடவிடுவது அவர் வழக்கம். பாட்டின்மேல் ஆசை இல்லை. மைக் கேட்கவில்லை, இரைச்சலாக இருந்தது என்று விழாக்காரர்கள் பிறகு சண்டைக்கு வந்தால் போட்டுக் காட்டுவதற்காக. வெளியே எடுத்த உடனே கேசட்டின் முதுகில் இருக்கிற லாக்கையும் உடைத்துவிடுவார். அந்தக் குட்டித் துண்டை உடைத்துவிட்டால் பிறகு அதன்மேல் எவனும் எதையும் பதிய முடியாது.

"நல்லா வாசிச்சேனா அண்ணாச்சி?"

"அது யாருக்குவே தெரியும்? நான் பாட்டையா கேட்டேன், மீட்டரு முள்ளையில்லா பாத்துக்கிட்டு இருந்தேன். செவப்புக்குப் போவல, அம்புட்டுதான்."

"கேசட்டு எங்க இருக்கு?"

"ஒம்ம சேக்காளிட்டக் கேளும். அஃப்சலு அந்த வாரமே வந்து வாங்கிட்டுப் போனான். சவூதிக்கு ஆள் போகுது, அண்ணன் கேக்கட்டும், குடுத்து விடணும்னான்."

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கையில் துல்கர்னைன் இரண்டு விஷயத்தை யோசித்தார். ஒன்று, கேசட்டே கிடையாது என்று அஃப்சல் ஏன் சொன்னான்? மறந்திருப்பான், முப்பது வருஷம் ஆயிற்றே. இரண்டாவது, இறந்துபோன சலீம் அண்ணனோடு பதினொரு வருஷம் ஒரே அறை, ஒரே சட்டியில் சோறு. அந்தக் கேசட்டைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லையே? வந்து சேர்ந்திருக்காது, எத்தனை பெட்டி ஏர்போர்ட்டில் காணாமல் போகிறது. இப்படி இரண்டுக்கும் அவரே ஒரு சமாதானம் சொல்லி முடித்துவிட்டார். நல்ல மனசுக்காரர்களிடம் இதுதான் தொல்லை, அடுத்தவனுக்குரிய பதிலையும் அவர்களே சொல்லிவிடுவார்கள்.

அங்கேயே நின்று அஃப்சலுக்குப் போன் போட்டார். "மாப்ள, கேசட்டு இருந்துருக்கு. நீதான் சலீம் அண்ணனுக்குக் குடுத்து விட்டியாம்."

அந்தப் பக்கம் துணி கிழிக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "இருக்கும்லே. எவ்வளவோ குடுத்து விட்டிருக்கேன்" என்றார் அஃப்சல்.

"அண்ணன் மௌத்தானப்ப சாமானெல்லாம் வந்துச்சுல்லா, அதுல இருக்குமா?"

"மதினி எல்லாத்தையும் எரிச்சிட்டாவ. பூசணம் பிடிச்சிருந்துச்சின்னு. அஞ்சு வருசம் ஆச்சு. விட்டுரு மாப்ள."

விட்டுவிடுவது என்றுதான் வீட்டுக்கு வந்தார். சோற்றில் கை வைக்கவில்லை. ஷரீபுன்னிசா இரண்டு தடவை கேட்ட பிறகு விஷயத்தைச் சொன்னார்.

"சலீம் அண்ணன் வீட்டு ரிஃபாத் அக்காவா எரிச்சாவ?" என்றாள் அவள். "யாரு சொன்னா? போன நோம்புல நான் போயிருக்கையில அந்தப் பெட்டியத் தொறந்து வச்சிக்கிட்டு, அவுக குரல் இதுக்குள்ள இருக்குன்னு அழுதாவளே. எந்திரிங்க, போய்ட்டு வருவோம்."

அந்தக் காலத்தில் அரபுநாட்டுக்கு ஆள் அனுப்பிய குடும்பங்களைத் தெரியாதவர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். போன் பேச வழியில்லை, எழுதத் தெரிந்தவர்களுக்கும் எழுதினால் மனசு ஆறாது. கேசட்டில் பேசித்தான் அனுப்புவார்கள். ஊருக்குப் போகிற ஆள், வருகிற ஆள் எல்லோர் பெட்டியிலும் நாலு கேசட் இருக்கும். புதுக் கேசட்டுக்கு எங்கே போக? வீட்டில் கிடக்கிற பாட்டுக் கேசட்டின் மேலேயே பேசிவிடுவார்கள். லாக் உடைந்திருந்தால் அந்த ஓட்டையில் செலோ டேப்பை ஒட்டிவிட்டால் போதும், மறுபடி பதியும். அதனால் இந்த ஊர் வீடுகளில் எந்தக் கேசட்டைப் போட்டாலும் டூயட் பாதியில் அறுந்து, யாராவது ஒரு பெண் ஸலாம் சொல்லிவிட்டு ஆடு குட்டி போட்ட கதையைச் சொல்ல ஆரம்பிப்பாள்.

ரிஃபாத் ஒன்றையும் எரிக்கவில்லை. சலீம் அண்ணனின் தகரப்பெட்டி நிறையக் கேசட்டுகள், ஒவ்வொன்றிலும் அவர் கையெழுத்தில் தேதி. "அஃப்சலு தம்பியும் நாலு தடவ கேட்டாவ. எங்கிட்ட இருக்கட்டும்னுட்டேன்" என்றபடி அவளே தேடி எடுத்துக் கொடுத்தாள். அட்டையில் மாடக்கண்ணுவின் கோணல் எழுத்தில் ‘ஐந்தருவி 17.7.94’ என்று இருந்தது. அதற்குக் கீழே சலீம் அண்ணன் எழுதியது: ‘தம்பி பேசியது.’

துல்கர்னைன் கேசட்டைத் திருப்பிப் பார்த்தார். முதுகில் இரண்டு ஓட்டை. மாடக்கண்ணு உடைத்தது. அதில் ஒன்றின் மேல் பழுத்துப்போன செலோ டேப் ஒட்டியிருந்தது. ஒரு பக்கம்தானே, பாட்டு மற்றப் பக்கத்தில் இருந்துவிட்டால் தப்பித்தோம் என்று சொல்லிக்கொண்டார்.

மறுநாள் காலை புருஷனும் பெண்டாட்டியுமாக ஐந்தருவி ரோட்டுக்குப் போனார்கள். மாடக்கண்ணு டெக்கின் ஹெட்டை ஸ்பிரிட்டால் துடைத்து, நாடாவை விரலால் ஒரு சுற்றுச் சுற்றி, பதனமாக உள்ளே வைத்தார். செலோ டேப் இல்லாத பக்கம் முழுக்கச் சினிமாப் பாட்டு. திருப்பிப் போட்டார்கள். அதிலும் நாலு பாட்டு ஓடியது. அப்புறம் மழைச் சத்தம். ‘எட்டு நிமிசம்’ ஆரம்பித்தது.

அஃப்சலின் குரல், அதற்கு அடியில் கிட்டார். ஷரீபுன்னிசா தலையைச் சாய்த்துக் கேட்டாள். "இந்தக் கிட்டார் நீங்களா?"

"நாந்தான்."

"நல்லாத்தான் இருக்கு."

"இது ஒண்ணுமில்ல. இனித்தான் இருக்கு, கேளு."

பாட்டு முடிகிற இடம் வந்தது. டிரம்ஸ் ஒரு உருட்டு உருட்டி நின்றது. கிட்டார் தனியாக இரண்டு அடி எடுத்து வைத்தது. துல்கர்னைன் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். டக் என்று ஒரு சத்தம். மழை நின்றுவிட்டது.

"அஸ்ஸலாமு அலைக்கும் அண்ணே, நான் அஃப்சல் பேசுதேன். உம்மா வாப்பா எல்லாரும் நல்லாருக்கோம். மேலத்தெரு மாமா சாயங்காலம் கெளம்புதாரு, புதுக் கேசட்டு கெடைக்கல, அதான் இதுலயே பேசுதேன். முன்னாடி ஓடுனது நம்ம குழுதான், கேட்டியா, எப்பிடி இருக்கு? இதுக்கப்புறம் அதுல வேற ஒண்ணுமில்ல. வெறும் கிட்டாருதான்."

மாடக்கண்ணு கையைப் பட்டனுக்குக் கொண்டுபோனார். "நிறுத்தவாவே?"

"ஓடட்டும்" என்றார் துல்கர்னைன். ஒருவேளை கொஞ்சம் பேசிவிட்டு விட்டிருப்பான், மிச்சம் இருக்கும் என்ற நப்பாசை.

உம்மாவுக்குக் கால்வலி என்றது குரல். கடையில் மழையால் வியாபாரம் இல்லை என்றது. பிறகு கொஞ்சம் தணிந்து, வாயை மைக்குக்குப் பக்கத்தில் கொண்டுவந்து பேசியது.

"ஒரு விசயம் அண்ணே. மெட்ராஸ்லேருந்து ஒரு ஆளு அருவிக்குக் குளிக்க வந்திருந்தாரு. சினிமா ரெக்கார்டிங்ல வாசிக்கிறவராம். கச்சேரி முடிஞ்சதும் மேடைக்குப் பின்னால வந்து, அந்தக் கிட்டார்ப் பையன் யாருன்னு கேட்டாரு. துல்கரு அங்கன வயரச் சுத்திக்கிட்டு இருந்தான். நாந்தான் லீடர், என்ட்டச் சொல்லுங்கன்னேன். பத்து நாளைக்குள்ள அவன மெட்ராசுக்கு அனுப்பு, எனக்கு ஆள் வேணும், நான் பாத்துக்கிடுதேன்னு போன் நம்பர் எழுதிக் குடுத்தாரு. என்னயப் பத்தி ஒரு வார்த்த கேக்கல அண்ணே. நானும் அதே மேடையிலதான நின்னேன்? பாடுனது நான். நம்பரு என் சட்டப் பையிலதான் இருக்கு. அவன்ட்டக் குடுக்கல, குடுக்கவும் மாட்டேன். அவன் எனக்குச் சேக்காளிதான், கெட்டுப்போவணும்னு நெனைக்கல. ஆனா அவன் மெட்ராசுக்குப் போயி, அவன் பேரு கேசட்டு அட்டையில வாரத நான் இந்தக் கடையில துணி கிழிச்சிக்கிட்டு ஒக்காந்து பாக்க முடியாது. என்னால ஆவாது. நீ ஒரு விசா பாரு. எனக்கில்ல, அவனுக்கு. அந்த ஆளு மறுபடி தேடி வாரதுக்குள்ள இவன் பிளேன் ஏறிரணும். ரெண்டு தங்கச்சி இருக்கு, விசான்னா கையப் பிடிச்சிக்கிட்டு அழுவான். சவூதியில நல்லா சம்பாதிக்கட்டும், எனக்கும் சந்தோசந்தான். நீ அவன்ட்ட மூச்சு விட்டுராத."

ஸலாம் சொல்லி முடித்தது. மறுபடி டக். உடனே மழை. மழைக்கு மேலே கைதட்டல், விசில், இன்னும் கைதட்டல். யாரோ ஒருவர் மைக்கில் "கொஞ்சம் அமைதி, அமைதி" என்கிறார், அப்படியும் நிற்கவில்லை. கைதட்டல் ஒன்று விடாமல் இருந்தது. கைதட்டினது எதற்கோ அது மட்டும் இல்லை. நாடா தீர்ந்து டெக் தானாக நின்றது.

மாடக்கண்ணு கேசட்டை வெளியே எடுத்து, செலோ டேப்பை நகத்தால் தடவிப் பார்த்தார். "நான் ஒடச்சத ஒட்டியிருக்கான் பாத்தீரா" என்று மட்டும் சொன்னார்.

துல்கர்னைனுக்குக் கோபம்கூட உடனே வரவில்லை. வெட்கம்தான் முதலில் வந்தது. கையப் பிடிச்சிக்கிட்டு அழுவான் என்று அவன் சொன்னான், சொன்ன மூன்றாவது வாரம் இவர் அப்படியே பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறார். பஸ் ஸ்டாண்டில், நாலு பேர் பார்க்க. அவன் முதுகைத் தடவிக்கொடுத்தான். சலீம் அண்ணன் இதைக் கேட்டுவிட்டுத்தான் விசா அனுப்பியிருக்கிறார். கேட்டுவிட்டுத்தான் ஏர்போர்ட்டுக்கு வந்து கட்டிப்பிடித்து, பதினொரு வருஷம் பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கிறார். இவர் பாலைவன வெயிலில் நின்று, யா அல்லாஹ், எனக்கு வழி திறந்துவிட்ட அஃப்சலுக்கு எல்லா நலமும் கொடு என்று கேட்டுக்கொண்டிருந்தார். எத்தனை ஆயிரம் தடவை. அதை நினைத்தபோதுதான் நெஞ்சு எரிந்தது. மெட்ராஸ் போகாததைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், தன்னைத் தள்ளிவிட்டவனுக்கு நன்றி சொல்லியே ஒரு ஆயுசு போனதை எப்படிப் பொறுப்பது?

இதுவரை அஃப்சல் வந்தார், சிரித்தார் என்று மரியாதையாகச் சொல்லிக்கொண்டு வந்தாயிற்று. இனிமேல் அது ஆகாது.

"வீட்டுக்குப் போவோங்க" என்றாள் ஷரீபுன்னிசா.

"கடைக்குப் போவோம்" என்றார்.

அஃப்சல் வாடிக்கையாளர் யாருக்கோ சட்டைத்துணி கிழித்துக்கொண்டிருந்தான். இவர் கையில் இருந்த கேசட்டைப் பார்த்ததும் கத்தரிக்கோலைக் கீழே வைத்தான். துணி வாங்க வந்தவரை "பொறவு வாங்க அண்ணாச்சி" என்று அனுப்பினான். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. என்றைக்கோ ஒருநாள் வரும் என்று எதிர்பார்த்திருந்தவன் மாதிரி இருந்தான்.

"கேட்டுட்டியா" என்றான்.

"கேட்டேன்."

"மதினிட்ட நாலு தடவ கேட்டேன். தர மாட்டேன்னுட்டாவ."

"எதுக்குலே அப்பிடிப் பண்ண?"

"அதுலதான் சொல்லியிருக்கேன்லா. பொய்யா சொல்லியிருக்கேன்?" அஃப்சல் உட்கார்ந்தான். "இருவத்தி நாலு வயசு எனக்கு. வயிறு எரிஞ்சுது. செஞ்சேன். அப்புறம் சொல்லலாம்னு எத்தனையோ தடவ நெனச்சேன். நீ லீவுல வாரப்பெல்லாம் எனக்குச் செண்டும் சட்டையும் கொண்டாந்து குடுப்ப. அத வாங்கிக்கிட்டு எப்பிடிச் சொல்லுதது?"

"வாங்காம இருந்திருக்கலாம்லா."

அஃப்சலுக்குச் சுருக்கென்றது. குரல் ஏறியது. "ஒனக்கு என்ன கொறஞ்சு போச்சு இப்போ? தங்கச்சிமார கெட்டிக்குடுத்த. வீடு கெட்டுன. மவள ஒரு நல்ல எடத்துல குடுத்திருக்க. மெட்ராசுக்குப் போனவன்ல எத்தன பேரு உருப்பட்டான்? ஆறு மாசத்துல திரும்பி வந்து இங்கனதான் நின்னிருப்ப."

"வந்து நின்னிருப்பேன்" என்றார் துல்கர்னைன். "அழிஞ்சே போயிருப்பேன்னு வையி. அது என் பாடுலே. அத நீ ஏன் எடுத்த?"

ஷரீபுன்னிசா துணி பார்க்க வருகிறவர்கள் உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அஃப்சலை அறைய வேண்டும் போல இருந்தது. புருஷன் பேசட்டும் என்று பேசாமல் இருந்தாள்.

துல்கர்னைன் கேட்க வந்தது இன்னும் ஒன்று இருந்தது. இவனிடம் போய்க் கேட்க வேண்டியிருக்கிறதே என்று வாய் கூசியது. ஆனால் டிரம்ஸ் அடித்தவர் இறந்து எட்டு வருஷம் ஆகிறது, பாடகர் அன்றைக்கு வேனுக்குள் இருந்தார், மாடக்கண்ணு முள்ளைத்தான் பார்த்தார். உலகத்தில் வேறு ஆள் கிடையாது.

"அழிக்கதுக்கு முன்னால அதக் கேட்டியா?"

"எத?"

"நான் வாசிச்சத."

"கேட்டேன்."

"எத்தன தடவ?"

அஃப்சல் மேஜை மேல் கிடந்த துணியை இழுத்து மடிக்க ஆரம்பித்தான். "நாப்பது, அம்பது தடவ இருக்கும். மாடக்கண்ணுட்ட வாங்குனதுலேருந்து மாமா கெளம்புத வரைக்கும் ராப்பகலா அதுதான்."

"என்ன வாசிச்சேன்?"

அஃப்சல் நிமிர்ந்து பார்த்தான். இவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்று தெரிந்தது. மடித்துக்கொண்டிருந்த துணியை அப்படியே விட்டுவிட்டு, மேஜையில் இரண்டு விரலால் தாளம் பிடித்து, வாயை மூடிக்கொண்டு மெதுவாகப் பாடத் தொடங்கினான். வார்த்தை இல்லாத வெறும் ஹம்மிங். முதலில் ஒரே சுரத்திலேயே நின்றது, நகரவே மாட்டேன் என்பதுபோல. பிறகு ஒரு படி இறங்கி, அங்கே கொஞ்சம் உலாத்திவிட்டு, யாரும் எதிர்பார்க்காத இடத்தில் மேலே தாவியது. ஒரு இடத்திலும் அவன் தேடவில்லை, தடுமாறவில்லை. முப்பது வருஷமாகத் தினம் சொல்லிப் பார்த்தவனுக்குத்தான் அப்படி வரும்.

துல்கர்னைனின் மரத்துப்போன விரல்கள் தொடையின் மேல் தாமாக அசைந்தன. இதுதான். இங்கேதான் தகரத்தில் மழை வலுத்தது. இங்கேதான் அந்தச் சிப்ஸ்காரர் அரிகரண்டியைத் தூக்கினார். நல்லாத்தான் வாசித்திருக்கிறோம். பீற்றல் இல்லை, நாற்பத்திரண்டில் ஒருவனும் இப்படி வாசிக்கவில்லை.

"இதுதானா?" என்று ஷரீபுன்னிசா மெல்லக் கேட்டாள்.

"இதுதான்." அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. அவசரமாகப் போனை எடுத்துப் பதிவை அழுத்தி மேஜையில் வைத்தார். திரையில் கோடுகள் ஏறி இறங்கின. அஃப்சல் கண்ணை மூடிக்கொண்டு பாடிக்கொண்டே போனான். அவன் முகத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது. இத்தனை காலம் ஒளித்துவைத்து, தனியாகவே அனுபவித்ததை முதல் தடவையாக இன்னொருவர் முன்னால் எடுத்து வைக்கிறவனின் சந்தோஷம்.

துல்கர்னைன் அந்த முகத்தைப் பார்த்தார். போனைப் பார்த்தார். இதை வீட்டுக்குக் கொண்டுபோய் எப்போது போட்டாலும் யார் குரல் கேட்கும் என்று யோசித்தார். இடது கையை நீட்டிப் பதிவை நிறுத்தினார். மரத்த விரலுக்கு ஒரு தடவையில் வரவில்லை, மூன்று தடவை அழுத்தி அதை அழித்தார்.

அஃப்சல் கண்ணைத் திறந்தான். "ஏம்லே நிறுத்திட்ட?"

"போதும். இதுலயும் நான் வாசிச்சதுக்கு மேல நீதாம்லே பேசுத."

கேசட்டை மேஜையிலேயே வைத்துவிட்டு எழுந்தார். ஷரீபுன்னிசா முன்னால் இறங்கி அவருடைய செருப்பைத் திருப்பிப் போட்டாள். அவர் மாட்டிக்கொண்டார்.

"இன்னும் பாதி இருக்குலே துல்கரு" என்றான் அஃப்சல் கடைக்குள்ளிருந்து. "நல்ல எடமே இனித்தான் இருக்கு."

அவர் திரும்பவில்லை. இரண்டு பேரும் பஜாரைக் கடந்து வீட்டுக்கு நடந்தார்கள்.